நேரத்துக்கு முன் ஊதிய விசில்

மைதானத்தில் நின்ற காலத்தில் என்னைத் திட்டியவர்கள் நேருக்கு நேராகத் திட்டினார்கள். கண்ணு இருக்கா, சோறுதான் தின்றியா, எவ்வளவு வாங்கின, எல்லாம் காதில் விழும். ஆட்டம் முடிந்ததும் அதே ஆள் தோளில் கைபோட்டு, "வா சார், டீ சாப்பிடலாம்" என்பான். சங்கத்து ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான் திட்டுக்குக் கடைசி விசிலே கிடையாது என்று தெரிந்தது. பல் தேய்க்கும்போது போன். பஸ்ஸில் போன். கல்யாண வீட்டுப் பந்தியில் ரசம் ஊற்றும்போது போன். "எனக்கு ஏன் சார் அந்த மேட்ச் தரல?" என்று ஒருத்தன், "அவனுக்கு ஏன் சார் தந்தீங்க?" என்று இன்னொருத்தன்.

நான் பெங்களூர் ஆஸ்டின் டவுன்காரன். கால்பந்து ரெஃப்ரியாக ஓடி ஓடி முட்டி தேய்ந்து, வயது வரம்பு வந்து சட்டையைக் கழற்றியதும், உள்ளூர்ச் சங்கத்தில் ரெஃப்ரிகள் எல்லோருக்கும் என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். எந்த ஆட்டத்துக்கு யார் போவது, யார் மேல் புகார், யாரை எச்சரிப்பது, யாரை உட்கார வைப்பது, எல்லாம் என் தலையில். கௌரவம்தான். ஆனால் விசில் ஊதினால் இருபத்திரண்டு பேரும் நின்ற இடத்தில் நிற்பார்கள் என்று பழகியவனுக்கு, பேசிப் பேசி ஒரு காரியத்தை நடத்துவதென்றால் நரகம். எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், விலாவாரியாகச் சொல்வார்கள்.

அந்த வேலையில் என்னை எப்போதும் படபடக்க வைப்பது வருஷத்துக்கு ஒரு முறை வரும் ஓட்டப் பரிட்சை. ரெஃப்ரியாக நீடிக்க வேண்டுமென்றால் அதில் தேற வேண்டும். மைதானத்தைச் சுற்றிக் கூம்புகள் வைத்திருப்போம். ஒரு விசிலுக்கு ஓட ஆரம்பிக்க வேண்டும். அடுத்த விசில் வருவதற்குள் அடுத்த கூம்பைத் தாண்டிக் கால் வைத்துவிட வேண்டும். பிறகு கொஞ்ச தூரம் நடை, மறுபடி விசில், மறுபடி ஓட்டம். இப்படியே சுற்றிச் சுற்றி வர வேண்டும். கால் வைப்பதற்குள் விசில் வந்துவிட்டால் கூம்புக்குப் பக்கத்தில் நிற்பவர் கொடியைத் தூக்குவார். முதல் கொடி எச்சரிக்கை. இரண்டாவது கொடி எழுந்தால் வெளியே. அந்த வருஷம் ரெஃப்ரியின் கறுப்புச் சட்டை கிடையாது. பெரிய சங்கங்களில் இதற்கு ஒலிப்பதிவு வைத்திருக்கிறார்கள், ஸ்பீக்கரில் பீப் பீப் என்று வரும். எங்கள் மைதானத்தில் பக்கத்து ரோட்டு ஹாரனை மீறி ஸ்பீக்கர் யாருக்கும் கேட்காது. அதனால் பழைய வழக்கம்தான். நடுவில் ஒரு ஆள் ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு விசில் ஊதுவார். பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து அந்த ஆள் நான். என் விசிலைப் பற்றி அதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னைப் பார்த்துத்தான் ரேடியோக்காரனே மணி சொல்கிறான் என்று கேலி பேசுவார்கள்.

அந்த வருஷம் பரிட்சைக்கு வர வேண்டியவர்களில் ஒருவன் என் நண்பன். ஸ்ரீராம்புரத்துக்காரன். தண்ணீர் வாரியத்தில் வால்வ்மேன். தெருத் தெருவாகப் போய், நீளக் கம்பியைப் பள்ளத்தில் விட்டுத் திருகித் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. என்னைவிடச் சின்னவன்தான், ஆனாலும் எங்களுக்குள் வாடா போடாதான். நான் நடுவில் விசிலோடு ஓடிய ஆட்டங்களில் பாதிக்கு மேல், கோட்டோரம் கொடியோடு ஓடியவன் அவன். ஒரு தடவை தோற்ற டீமின் ஆட்கள் கல்லெடுத்தபோது இரண்டு பேரும் ஒரே கக்கூசில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றோம். அவன் அடிக்கடி சொல்வான்: "தண்ணி வுட்டா எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான் மச்சி. வரலன்னாதான் வண்டி வண்டியா திட்டுவான். இந்தக் கறுப்புச் சட்டையைப் போட்டாதான் ரெண்டு டீமும் 'சார்'ன்றான்."

நான் நாற்காலிக்கு வந்த பிறகு எங்களுக்குள் உரசல். பெரிய ஆட்டம் ஒன்றை அவனுக்குத் தராமல் இன்னொருவருக்குத் தந்தேன். நியாயமாகத்தான் தந்தேன். ரெஃப்ரிகள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து, "சேர்ல உட்கார்ந்தா கண்ணு தெரியாதுன்றது கரெக்ட்டுதான்" என்றான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "உனக்கு ஓட்டம் குறைஞ்சு போச்சு, போய் கண்ணாடியில பாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "டெஸ்ட்ல காட்றேன்டா" என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

பரிட்சைக்கு முந்தின வாரம் அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவள். மதியச் சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது, பின்னால் தட்டுக் கழுவும் சத்தம் கேட்டது.

"அண்ணா, நான் பேசறது அவருக்குத் தெரியக் கூடாது."

"என்னம்மா, சொல்லு."

"வேலை முடிச்சு வந்தவரு வாசப்படியிலயே உட்கார்ந்துட்டாரு அண்ணா. நெஞ்சைப் புடிச்சிகினு. வேர்த்துக் கொட்டுது. ஆட்டோ புடிச்சு எங்க தெரு டாக்டர்கிட்ட இட்டுகினு போனேன். ஈசிஜி எடுத்துப் பார்த்துட்டு, சரியில்ல, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, அது வரைக்கும் மாடிப்படிகூட ஏறாதீங்கன்னு சொன்னாரு. இவரு இன்னா சொல்றாரு தெரியுமா? டெஸ்ட்டு ஓடி முடிச்சிட்டு அப்புறம் போறேன்றாரு."

"நான் பேசறேன் அவன்கிட்ட" என்றேன்.

"ஐயோ வேணாம் அண்ணா! உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு அவரு தலைமேல அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. 'அவனுக்குத் தெரிஞ்சா இதையே சாக்கா வச்சு என்னை வெளிய தள்ளிடுவான், அதுக்கு நான் செத்தே போலாம்'ன்றாரு. நான் சொன்னேன்னு தெரிஞ்சா வீட்ட வுட்டே போயிடுவாரு. என் பேரு வராம நீங்களே ஏதாவது பண்ணி நிறுத்துங்க. உங்க கையிலதானே அண்ணா இருக்கு?"

என் கையில்தான் இருந்தது. அதுதான் கிரகச்சாரம். அவனை நிறுத்த என்னால் முடியும், ஆனால் ஏன் நிறுத்தினேன் என்று சொல்ல முடியாது. சொல்லாமல் நிறுத்தினால், கூட்டத்தில் பேசியதற்குப் பழிவாங்கிவிட்டான் என்று ஊர் பேசும். ஊர் கிடக்கட்டும், அவனே அப்படித்தான் நினைப்பான். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அந்த வாரம் முழுக்க அலைந்தேன். சோறு இறங்கவில்லை. "யாரு மேல கோபம், இப்படி மூஞ்சியை வச்சிருக்கீங்க?" என்று என் மனைவி கேட்டாள். கோபமில்லை, பயம் என்று அவளிடம் சொல்லக்கூட வாய் வரவில்லை.

முதலில் டாக்டர் சான்றிதழைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஓட வருகிறவர் எல்லோரும் உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கி வர வேண்டும். அவன் ஏற்கெனவே கொடுத்திருந்தான், வேறு ஏதோ ஒரு கிளினிக்கில் வாங்கி. அடப்பாவி, அதில் எவ்வளவு வேகம் பார்! சரி, எல்லோரும் ஈசிஜி எடுத்துத்தான் ஓட வேண்டும் என்று புது விதி போடலாமென்று சங்கச் செயலாளரிடம் போனேன். அவர் காதைக் குடைந்துகொண்டே, "ஒள்ளே ஐடியா சார், நெக்ஸ்ட் இயர் மாடோணா" என்றார். நல்ல யோசனையாம், அடுத்த வருஷம் செய்யலாமாம். அடுத்த வருஷம் அவன் இருந்தால்தானே ஐயா என்று கத்த வேண்டும் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

பிறகு அவனையே பிடித்தேன். மெஜஸ்டிக் பக்கத்தில் ஒரு டீக்கடையில், தற்செயலாகப் பார்த்ததுபோல. தற்செயலுக்காக அந்தக் கடை வாசலில் நான் நெடுநேரம் நின்றிருந்தேன்.

"இன்னாடா இந்தப் பக்கம்?" என்றான்.

"சும்மாதான். கேளு மச்சி. இந்த வருஷம் நீ ஓட வேணாம். ரெஃப்ரிகளுக்கு மார்க் போடுற வேலை ஒண்ணு காலியா இருக்கு. உட்கார்ந்து பார்க்கிற வேலை. உன்னைப் போட்டுடறேன்."

அவன் டீயை ஊதிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தான். முகம் கொஞ்சம் மஞ்சளாக இருந்ததுபோல் எனக்குத் தோன்றியது. ஒருவேளை கடை பல்பு வெளிச்சமோ என்னவோ. தெரிந்த பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான்.

"யாரு உன் ஆளு?" என்றான்.

"என்ன?"

"என் இடத்துல எவனையோ உட்கார வைக்கப் பார்க்கிற. யாருன்னு சொல்லு."

"டேய், சத்தியமா யாரும் இல்லடா."

"அப்போ சும்னே இரு குரு. நான் ஓடறேன், நீ ஊது. தேறலன்னா நானே போயிடறேன்." டம்ளரை வைத்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்தான். இரண்டு உதைக்கு வண்டி கிளம்பவில்லை. மூன்றாவது உதைக்கு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் பெங்களூர் மழையை நம்பினேன். அந்த வாரம் தினமும் சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. மைதானம் சேறாகிவிட்டால் பரிட்சையைத் தள்ளிப்போடலாம், அதற்குள் அவள் எப்படியாவது அவனை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். பரிட்சைக்கு முந்தின நாள் மட்டும் ஒரு சொட்டு இல்லை. வேண்டாத நாளில் டவுனையே மிதக்க விடும் மழை, கூப்பிட்டால் வருமா? காலையில் போய்ப் பார்த்தால் புல் பளிச்சென்று காய்ந்து கிடந்தது.

நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஆம்புலன்ஸ் ஒன்றை வரவழைத்துக் கோல் போஸ்ட் பக்கத்தில் நிறுத்தினேன். ஓட்டப் பரிட்சைக்கு ஆம்புலன்ஸ் நிறுத்துவது எங்கள் வழக்கத்திலேயே கிடையாது. டிரைவரிடம் போய், ஆக்சிஜன் இருக்கா, நிஜமாகவே இருக்கா, திறந்து காட்டு என்று படுத்தினேன். நண்பன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே அதைப் பார்த்தான்.

"யாருக்குடா இது, உனக்கா? விசில் ஊதி ஊதி நெஞ்சு வலிக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பை நான் வாழ்க்கையில் சிரித்ததில்லை.

அவனோடு ஓட நின்றவர்கள் ஐந்தாறு பேர். ஒரு பி.டி. மாஸ்டர், மற்றவர்கள் எல்லாம் இளவட்டங்கள். தூரத்து வளைவில் கொடியோடு நின்றது எங்கள் பெண் ரெஃப்ரிகளில் ஒருவர், பேங்க்கில் வேலை பார்ப்பவர், கறாரான ஆள். நான் நடுவில் போய் நின்று வாட்ச்சைப் பிடித்தேன். ஊதினேன், ஓடினார்கள்.

முதல் இரண்டு வட்டம் ஒழுங்காகப் போயிற்று. நான் வாட்ச்சைப் பார்ப்பதா, அவனைப் பார்ப்பதா? மூன்றாவதில் நடக்க வேண்டிய இடத்தில் அவன் இடது தோளைக் கையால் தேய்த்துக்கொள்வதைப் பார்த்தேன். ஓட்டம் ஆரம்பித்ததும் கையை எடுத்துவிட்டான். அடுத்த நடையில் மறுபடி தேய்த்தான். வாயைத் திறந்து காற்றை இழுத்தான். அவன் அப்படி மூச்சு வாங்கி நான் பார்த்ததே கிடையாது. இவன் விழப்போகிறான், என் விசிலுக்கு ஓடி என் கண்முன்னால் விழப்போகிறான், நான் அவளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இவனுக்கு இரண்டு கொடி விழுந்தால் போதும், வெளியே வந்துவிடுவான். நானாகத் தடுத்ததாக இருக்காது, அவனாகத் தோற்றதாக இருக்கும். அவள் பெயரும் வராது. அவமானப்படுவான், படட்டும், உயிரோடு அவமானப்படட்டும். அவன் கூம்பை நெருங்கும்போது நேரம் ஆவதற்கு முன்பே விசிலை ஊதினேன்.

பக்கத்தில் ஓடிய இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள், கொடி எழுந்தது. அவன் மாட்டவில்லை. விசில் வரப்போகிறது என்று என் தோள் அசைவிலேயே பிடித்துவிட்டானோ என்னவோ, கடைசி அடியை எட்டிப் பாய்ந்து வைத்துவிட்டான். எத்தனை வருஷம் என்னோடு ஓடியவன்! நான் ஊதுவதற்கு முன்னால் நான் ஊதப்போவது அவனுக்குத் தெரியும். கொடி தூக்கிய பெண் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பார்க்காதவன்போல் வாட்ச்சைத் தட்டினேன்.

அடுத்த ஓட்டத்தில் இன்னும் முன்னதாக ஊதினேன். "சார், வாட்ச்சு!" என்று பி.டி. மாஸ்டர் ஓடிக்கொண்டே கத்தினார். அவருக்கும் கொடி. நண்பன் மட்டும் மறுபடி உள்ளே. இந்தத் தடவை அவன் ஓடியது ஓட்டமே இல்லை, வெறி. பல்லைக் கடித்து, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, சாகிறவன் ஓடுகிற ஓட்டம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, நான் சீக்கிரம் ஊத ஊத இவன் வேகமாக அல்லவா ஓடுகிறான்! ஒழுங்காக ஊதியிருந்தால் ஒழுங்காகவாவது ஓடியிருப்பான். காப்பாற்றுகிறேன் என்று என் வாயாலேயே அவனைக் கொன்றுகொண்டிருக்கிறேன். அடுத்த ஓட்டத்துக்கு எல்லோரும் முன்னால் சாய்ந்து நின்றார்கள். நான் நீளமாக ஊதினேன், மூச்சு முட்டும் வரை ஊதினேன். அது நிறுத்து என்ற விசில்.

எல்லோரும் நின்றார்கள். "ஏன் சார் இது? வாட்ச் கெட்டோய்தா?" என்று ஒருவன் கன்னடத்தில் கேட்டான். ஆமாம், வாட்ச் கெட்டுவிட்டது, இந்த ஓட்டம் செல்லாது, விழுந்த கொடியும் செல்லாது, இன்னொரு நாள் மறுபடி ஓடலாம் என்று அறிவித்தேன். அதற்காகப் பின்னால் கமிட்டியில் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். வாட்ச் என்றே சாதித்தேன். இன்றைக்கும் இளசுகள் முதுகுக்குப் பின்னால் என்னை 'வாட்ச் ரிப்பேர்' என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் மறுபடியும் வாட்ச்சைக் கெடுப்பேன், ஆனால் முதல் ஓட்டத்திலேயே கெடுப்பேன்.

நண்பன் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தான். உதடு நிறம் மாறியிருந்தது. பேச மூச்சு இல்லாமல் கொஞ்ச நேரம் என் முன்னால் நின்றான்.

"வாட்ச்சா?" என்றான்.

"ஆமாடா."

"நீ விசில்ல தப்பு பண்ற ஆளு இல்ல." மூச்சு வாங்கினான். "அவ போன் பண்ணாளா?"

மைதானத்தில் எத்தனை பேர் எகிறிக்கொண்டு வந்தபோதும் நான் முகத்தைக் கல்லாக வைத்திருந்தவன். அன்றைக்கு முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஊது" என்றான். "கரெக்ட்டா ஊது. ஓடிக் காட்றேன்."

"ஊத மாட்டேன்."

"எந்த ரூல்டா? எந்த ரூல்ல இருக்கு, சொல்லு."

"ரூலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீ ஓடக் கூடாது. ஆம்புலன்ஸ்ல ஏறுடா, கையெடுத்துக் கும்பிடறேன்."

"உன்னைப்போய் ரெஃப்ரின்னு நம்பினேன் பாரு" என்றான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பத்தடி தள்ளி நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. எனக்கு அது ஒரு வாரம் காதிலேயே இருந்தது. போகிற வழியில் ஆம்புலன்ஸ் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, ஸ்கூட்டரில் ஏறிக் கிளம்பிவிட்டான்.

நெஞ்சு அந்த நிலைமையில் இருக்கிறவன் இந்த டிராஃபிக்கில் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறான்! என் பைக்கை எடுத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ்காரனையும் பின்னால் வா என்று கத்திவிட்டு, துரத்தினேன். முதல் சிக்னலிலேயே ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டது. சைரனைப் போட்டு அலறினாலும் ஒரு கார்காரன் ஒரு அங்குலம் நகரவில்லை. நான் பிளாட்பாரத்தில் ஏறி இறங்கி அவனைப் பார்வையில் வைத்துக்கொண்டேன். நெருங்கவும் பயம், கோபத்தில் இன்னும் வேகமாகப் போய்விடுவான் என்று. விடவும் பயம். அவன் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். முதுகு கொஞ்சம் சாய்ந்தால் எனக்கு உயிர் போய் வந்தது. ஒரு பஸ் நடுவில் வந்து அவனை மறைத்தபோது, தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். பஸ் விலகியது. அவன் போய்க்கொண்டிருந்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டான் என்று அப்போது தெரிந்தது, ஏனென்றால் வேகத்தைக் குறைத்தான்.

ரிச்மண்ட் சர்க்கிளில் வீட்டுக்குப் போவதென்றால் அவன் மெஜஸ்டிக் பக்கம் போக வேண்டும். போகவில்லை. டபுள் ரோடு பக்கம் திரும்பினான். எங்கேடா போகிறாய் என்று நானும் திரும்பினேன். லால்பாக்கைத் தாண்டி, நேராக, அரசாங்கத்து இருதய ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினான். ஸ்டாண்ட் போட முடியாமல் தடுமாறினான். நான் ஓடிப்போய் வண்டியைப் பிடித்தேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான்.

"உள்ள வராத. நீ வந்தா நான் திரும்பிடுவேன்."

"சரிடா. வரல. நீ போ."

"அவளுக்குச் சொல்லு" என்றான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. செக்யூரிட்டியிடம் ஏதோ கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே போனான். காலில் இன்னும் அந்த ஓட்ட ஷூ.

அவளுக்குப் போன் செய்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு இளநீர் வண்டி ஓரமாக நின்றுகொண்டேன். நண்பனோ எதிரியோ தெரியவில்லை, உள்ளே ஒருவன் என்ன ஆனான் என்று தெரியாமல் வெளியே நிற்பது கொடுமை. எந்த ஸ்ட்ரெச்சர் போனாலும் எட்டிப் பார்த்தேன். இளநீர்க்காரர் தானாகவே ஒன்றை வெட்டிக் கொடுத்து, "குடிரி சார்" என்றார். அதைக் கையில் பிடித்தபடியே கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கம்பெனி யூனிஃபார்மோடு ஆட்டோவில் வந்து இறங்கி, என்னைப் பார்த்தும் பார்க்காமல் உள்ளே ஓடினாள். வெயில் ஏறி, இறங்கியும் விட்டது. வழக்கமான மழை மேகம் கூடிய நேரத்தில்தான் வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"என்னம்மா சொன்னாங்க?"

"ரெண்டு இடத்துல அடைப்பாம் அண்ணா. உடனே உள்ள இட்டுகினு போயி ரத்தக்குழாய்ல கம்பி வச்சிட்டாங்க. இப்போ பரவால்லன்றாங்க. இன்னும் ஒரு சுத்து ஓடியிருந்தாலும் இன்னா ஆயிருக்கும்னு சொல்ல முடியாதாம்."

நான் இளநீர் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். "பேசறானா?"

"என்கிட்ட பேசல. மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கினாரு. நர்ஸம்மாகிட்ட மட்டும் பேசறாரு." முந்தானை இல்லாத யூனிஃபார்மில் கண்ணைத் துடைக்க எதைத் தேடுவது என்று தெரியாமல் புறங்கையால் துடைத்தாள். "நான்தான் கெடுத்துட்டேன் அண்ணா. உங்ககிட்டயும் இனிமே பேச மாட்டாராம். நர்ஸம்மாகிட்ட சொல்றாரு, எனக்குக் கேக்கணும்னே சத்தமா சொல்றாரு. 'அந்தாளுகிட்ட நான் சாகிற வரைக்கும் பேச மாட்டேன்'னு."

"அப்படியா சொன்னான்? சாகிற வரைக்குமா?"

"ஆமா அண்ணா."

எனக்கு அழுகையும் வந்தது சிரிப்பும் வந்தது. நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க, இரண்டும் சேர்ந்து வந்தது.

"பேசாம இருக்கட்டும்மா" என்றேன். "நல்லா கிழவனாகி, பல்லெல்லாம் கொட்டி, பேரப் புள்ளைங்க தூக்கிவிட்டு நடக்கிற வரைக்கும் என்கிட்ட பேசாம இருக்கட்டும்."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

அவன் இன்றுவரை என்னிடம் பேசவில்லை. நன்றாக இருக்கிறான்.